காலித் துப்பாக்கி என்று ஒன்று உண்டா?

தீபாவளி வந்துவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் பட்டாசுக்கு முன்னால் ஏறுவது துப்பாக்கிதான். ரோல் கேப்பைச் செருகிக்கொண்டு, ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் தாத்தாவின் நெற்றிக்கு நேராக நீட்டி, "டுமீல்" என்று சுடாத பேரன் உண்டா? விடுமுறைக்குச் சென்னை சென்றால் மெரினா மணலில் பலூன் சுடும் கடை. சில்லறையைக் கொடுத்தால் யார் எவர் என்று கேட்காமல் ஏர் கன்னைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இப்படி விளையாட்டாகவே நமக்கு அறிமுகமான பொருள் துப்பாக்கி. அதனால்தானோ என்னவோ, நிஜத் துப்பாக்கியைக் கண்டால் நம்மவர்களில் பாதிப் பேருக்குத் தேவையற்ற பயம். மீதிப் பேருக்குத் தேவையற்ற தைரியம். இரண்டுமே ஆபத்தானவை.

நம் சங்கப் பத்திரிகைக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்று, தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். 2012-இல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் பெற்ற ககன் நரங் பிறந்த ஊர் சென்னை. கடலூரில் பிறந்து, பெற்றோருடன் குஜராத்துக்குக் குடிபெயர்ந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் நாட்டுக்காகச் சுட்டார். நம்மைப் போலவே ஊரை விட்டு வெளியே வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமானும் பாரிஸில் டிராப் பிரிவில் கலந்துகொண்டார்.

2024-இல் மனு பாக்கர் இரண்டு பதக்கங்களோடு பாரிஸிலிருந்து திரும்பியதைப் பார்த்தபின், "அப்பா, என்னையும் ரைபிள் கிளப்பில் சேர்த்துவிடு" என்று கேட்கும் பிள்ளை எந்தத் தெருவிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாம் முதலில் ஏறும் படி கடையின் படிதான். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் சிப்பந்தி ஒருவர், அலமாரியைத் திறந்து ஒரு துப்பாக்கியை எடுத்து நம் பிள்ளையின் கையில் கொடுக்கிறார். அந்த அரை நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார், என்ன செய்யாமல் விடுகிறார் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான்கு கட்டளைகள்

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர் என்பவர், 1976-இல் அரிசோனா மாநிலத்தில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் வகுத்துக் கொடுத்த நான்கு விதிகள் இன்று உலகெங்கும் துப்பாக்கி பிடிப்பவர்களின் ஆத்திசூடி என்றே சொல்லலாம்.

முதலாவது, எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருது. இரண்டாவது, எதை அழிக்க உனக்கு மனமில்லையோ அதன் பக்கம் குழலைத் திருப்பாதே. மூன்றாவது, இலக்கைக் குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. நான்காவது, இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

இந்த நான்கில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்று காப்பாற்றும். விரல் தவறி விசையில் பட்டாலும், குழல் தரையைப் பார்த்திருந்தால் தரையில் ஒரு பள்ளத்தோடு போயிற்று. எல்லாம் ஒன்றாகத் தவறும்போதுதான் உயிர் போகிறது. துப்பாக்கி தானாக வெடித்தது என்று செய்திகளில் படிக்கிறோம். நல்ல நிலையில் உள்ள துப்பாக்கி தானாக வெடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அநேகமாக ஒரு விரலும், "காலிதானே" என்ற ஒரு நினைப்பும்தான் அதை வெடிக்க வைக்கின்றன.

சுடும் மைதானத்தில் இந்த விதிகளைப் பின்பற்றுவது எளிது. அங்கே எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். எதிரே மண்மேடு இருக்கிறது. கட்டளையிட ஒருவர் இருக்கிறார். கடையில் அப்படியில்லை. முன்னால் வாடிக்கையாளர், பக்கத்தில் சக ஊழியர், பின்னால் கண்ணாடி அலமாரி, வெளியே தெருவில் ஜனம். குழலை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் ஆள் இருக்கிறார். ஆகவேதான் கடைச் சிப்பந்தியின் பொறுப்பு, சுடுபவரின் பொறுப்பைவிட ஒரு படி அதிகம்.

அலமாரியிலிருந்து மேசைக்கு

நன்கு பயிற்சி பெற்ற சிப்பந்தி எப்படித் துப்பாக்கியை எடுக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? குழலை மேல்நோக்கியோ, கடையில் இதற்கென்று ஒதுக்கப்பட்ட பத்திரமான திசையிலோ வைத்தபடி எடுப்பார். ஆள்காட்டி விரல் விசைக்கு மேலே, உடற்பகுதியின் ஓரமாக நீண்டிருக்கும். வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன், தான் ஒரு தடவை திறந்து பார்ப்பார்.

திறந்து பார்ப்பதில் ஒரு வரிசை உண்டு. மாகசின் உள்ள துப்பாக்கியானால் முதலில் மாகசினைக் கழற்ற வேண்டும்; பிறகுதான் போல்ட்டையோ ஸ்லைடையோ பின்னுக்கு இழுக்க வேண்டும். வரிசை மாறினால் வந்தது வினை. மாகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால், அறையில் இருந்த தோட்டா வெளியே விழும். அதே வேகத்தில் மாகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். விழுந்த தோட்டாவைப் பார்த்து, "காலி செய்துவிட்டேன்" என்று நினைப்பவரின் கையில் இருப்பது சுடத் தயாரான துப்பாக்கி! மாகசினை மட்டும் கழற்றிவிட்டு அறையைப் பார்க்காமல் விடுவதும் இதே அளவு ஆபத்தான தவறு. மாகசின் வெளியே வந்த பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். கொல்வதற்கு ஒன்று போதும்.

அடுத்தது, கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். கடை விளக்கின் நிழலில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. ரிவால்வராக இருந்தால் உருளையைத் திறந்து எல்லாத் துளைகளையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பான பாயின்ட் 32 ரிவால்வர், பழைய வெப்லி பாணியில் நடுவில் மடங்கித் திறப்பது. திறந்தால் எல்லாத் துளைகளும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கியும் அப்படியே. ஆனால் சில பாயின்ட் 22 ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள குழாய்க்குள் வரிசையாக நிற்கும். அங்கே ஒன்று ஒளிந்திருந்தால் அவசரக்காரனின் கண்ணுக்குத் தெரியாது.

பார்த்தாயிற்று. இனி துப்பாக்கியைத் திறந்த நிலையிலேயே வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும்; அவரும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். "நீங்கள்தான் இப்போது பார்த்தீர்களே!" என்று வாடிக்கையாளர் சிரிக்கலாம். சிரித்தாலும் பரவாயில்லை. பணத்தை நாம் எண்ணிக் கொடுத்தபின் கடைக்காரர் மறுபடி எண்ணுவதில்லையா? அதை யாரும் அவமரியாதை என்று எடுத்துக்கொள்வதில்லை. பத்து ரூபாய்க்கு உள்ள மரியாதை உயிருக்கும் இருக்கட்டும்.

சிப்பந்திகளுக்குச் சொல்லித்தரப்படும் இன்னும் சில பழக்கங்கள் உண்டு. ஒரு சமயத்தில் ஒரு துப்பாக்கியை மட்டுமே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது வேண்டுமென்றால் முதலாவது அலமாரிக்குத் திரும்பிப் போக வேண்டும். துப்பாக்கி மேசைமேல் இருக்கும்போது தொலைபேசி மணி அடித்தாலும் முதுகைக் காட்டக் கூடாது. விற்பனை மேசையின் மேல் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஏற்றி இறக்கிக் காட்டுவதற்கென்றே போலித் தோட்டாக்கள் இருக்கின்றன. துப்பாக்கி கை நழுவி விழுந்தால் தாவிப் பிடிக்கக் கூடாது. விழுந்தால் விழட்டும். தாவும் கையில் விசை அகப்படுவதுதான் பெரிய ஆபத்து.

தோட்டா விற்பதிலும் கவனம் வேண்டும். 12 போர் குழலுக்குள் தவறுதலாக 20 போர் தோட்டாவைப் போட்டால், அது சிறியதாகையால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழலின் நடுவில் தங்கிவிடும். சுட்டவர், தோட்டா போடவே மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை அழுத்தினால் குழலே வெடித்துச் சிதறும். அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. குழலில் பொறித்திருக்கும் அளவையும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவையும் சேர்த்துப் படித்துப் பார்க்காமல் விற்பது, மருந்துச் சீட்டைப் படிக்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

வெளியிலிருந்து வரும் விருந்தாளி

தொழிற்சாலையிலிருந்து பெட்டியோடு வந்த புதுத் துப்பாக்கியால் கடைக்கு அவ்வளவு ஆபத்தில்லை. வெளியிலிருந்து வருவதுதான் ஆபத்து. பழுது பார்க்க, விற்க, மாற்றிக்கொள்ள என்று வாடிக்கையாளர் கொண்டுவரும் துப்பாக்கி எத்தனை நாள் பரணில் கிடந்ததோ, யார் யார் கை பட்டதோ, தெரியாது. தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பேரன் கொண்டுவருவான். அதைத் திறக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்காது. "முப்பது வருஷமாக யாரும் தொடவில்லை, காலிதான்" என்பான். முப்பது வருஷத்துக்கு முன் குண்டு போட்டு வைத்தவர் எடுத்துவிட்டுத்தான் போனார் என்பதற்கு என்ன சாட்சி?

நம் நாட்டில் இதற்கென்றே ஒரு பருவமும் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவதை நாம் அறிவோம். அந்த வாரங்களில் கடைகளில் பழைய துப்பாக்கிகள் வந்து குவியும். 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. அப்போதும், மூன்றாவதைக் காவல் நிலையத்திலோ வணிகரிடமோ ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. கூட்டம் சேரும் நாளில்தான் கை அவசரப்படும். கை அவசரப்படும் நாளில்தான் விபத்து நடக்கும்.

ஒழுங்கான கடைகளில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் துப்பாக்கி உறைக்குள்தான் வர வேண்டும். வாடிக்கையாளர் அதை நடுக்கடையில் உருவக் கூடாது. ஓர் ஓரத்தில், மணல் நிரப்பிய பீப்பாய் போன்ற ஒன்றின் பக்கம் குழலைத் திருப்பி, பொறுப்பான ஒருவரே திறந்து பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் அது மேசைக்கு வரும். சீட்டு எழுதுவதும் அதற்குப் பிறகுதான்.

'காலி' என்ற சொல்லின் விலை

2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் 'ரஸ்ட்' என்ற திரைப்படத்தின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நடிகர் அலெக் பால்ட்வினிடம் ஒரு ரிவால்வர் தரப்பட்டது. 'கோல்ட் கன்', அதாவது ஆபத்தில்லாத துப்பாக்கி என்று அறிவித்துவிட்டே கொடுத்தார்கள். உள்ளே இருந்ததோ நிஜத் தோட்டா. ஒளிப்பதிவாளராக இருந்த பெண்மணி உயிரிழந்தார், இயக்குநர் காயமடைந்தார். துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த இளம்பெண்ணுக்கு 2024-இல் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பினார், அவ்வளவுதான்.

2014 ஆகஸ்டில் அரிசோனாவில் நடந்தது வேறு விதம். சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்பட்ட சுடும் மைதானம் அது. ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் ஊஸி என்ற இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்துப் பயிற்சியாளர் அருகில் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து வெடிக்கும் துப்பாக்கியின் உதைப்பைச் சின்னக் கைகளால் அடக்க முடியவில்லை. குழல் மேலே எகிறியது; குண்டு பயிற்சியாளரின் தலையில் பாய்ந்து அவர் இறந்துபோனார். யார் கையில் எதைக் கொடுக்கிறோம் என்ற கேள்விக்கு அந்த ஊழியர் தம் உயிரையே விலையாகத் தர நேர்ந்தது. அந்தச் சிறுமியோ அந்த நினைவை ஆயுள் முழுதும் சுமக்க வேண்டும். கொடுப்பவருக்கு, "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் துணிவும் வேண்டும். வாடிக்கையாளரே தெய்வம் என்ற பேச்செல்லாம் துணிக்கடையோடு இருக்கட்டும்.

ஏர் கன் பொம்மையல்ல

நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது ஏர் ரைபிள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பாயின்ட் 177 அளவுக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல் கொண்ட ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இதைக் கேட்டதும் பலர், உரிமம் வேண்டாம் என்றால் ஆபத்தும் இல்லை என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். போட்டிகளில் பயன்படும் ஏர் ரைபிளின் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, ஏறக்குறைய நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளமாகப் போதும். சுவரில் பட்டுத் திரும்பி வரவும் செய்யும். "அந்த மூலையில் ஒரு தடவை சுட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்வதே நல்ல சிப்பந்திக்கு அழகு.

ஸ்பிரிங் வகை ஏர் கன்னில் குழலையே நெம்புகோலாக மடக்கி விறைப்பேற்றுகிறோம். மடங்கிய குழலைக் கையால் பிடித்துக்கொள்ளாமல் விசையைத் தொட்டால், குழல் சவுக்குப் போல மேலே அடித்து விரலை நசுக்கிவிடும். அழுத்தப்பட்ட காற்றுச் சிலிண்டரோடு வரும் போட்டி ரைபிளின் கதை வேறு. நம் கார் டயரில் 30 முதல் 35 பவுண்டு அழுத்தம் என்றால், இந்தச் சிலிண்டரில் 200 பார், அதாவது ஏறக்குறைய 2,900 பவுண்டு! சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. பல நிறுவனங்கள் 10 ஆண்டு என்று வரையறுக்கின்றன. இரண்டாம் கையாக வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். பார்த்துச் சொல்வது கடைக்காரரின் கடமை.

ஏர் ரைபிளில் இன்னொரு சிக்கல், சின்னஞ்சிறு குண்டு குழலுக்குள் இருப்பது வெளியில் தெரியாது. இதற்குச் சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. பளிச்சென்ற ஆரஞ்சு போன்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கயிறு குழலின் முழு நீளத்துக்கும் ஊடுருவி, இரு முனையிலும் வெளியே தெரிய வேண்டும். உள்ளே குண்டு இருந்தால் கயிறு நுழையாது. கயிறு தெரிந்தால் குழல் காலி. யாருடைய வாய்வார்த்தையும் வேண்டாம். விலை அற்பம், ஆனால் உயிர் காக்கும். ரைபிள் வாங்கும் அன்றே இதையும் கேட்டு வாங்குங்கள்.

அக்கரையில்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் நம் அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே விளையாட்டுச் சாமான் கடையில் கூடாரத்துக்கும் தூண்டிலுக்கும் பக்கத்து மேசையிலேயே ரைபிள் விற்பார்கள். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பவருக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 முதல் வாங்குபவரின் பூர்வோத்தரத்தைத் தேசியப் பதிவேட்டில் உடனுக்குடன் சரிபார்க்கும் ஏற்பாடும் வந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கைத்துப்பாக்கி விற்கும் வணிகர் அதோடு ஒரு பூட்டோ பாதுகாப்புக் கருவியோ சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. 2018-இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் நடந்த கொடூரத்துக்குப் பின், வால்மார்ட்டும் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸும் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் துப்பாக்கி விற்பதில்லை என்று தாமாகவே முடிவெடுத்தன.

ஆனால் படிவமும் பதிவேடும் யாருக்கு விற்கலாம் என்று மட்டுமே சொல்லும். எப்படிக் கையில் கொடுப்பது என்பது சிப்பந்தியின் பயிற்சியைப் பொறுத்தது. அதனால்தான் பல கடைகளில் காட்சித் துப்பாக்கிகளின் விசையில் பூட்டுப் போட்டிருக்கும். துப்பாக்கியோடு வருபவர்கள் வாசலிலேயே காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவிப்பும் இருக்கும்.

நம் ஊரில்

நம் கொல்கத்தாவில் டல்ஹவுசி, தர்மதலா வட்டாரத்தில் நூறாண்டைத் தாண்டிய துப்பாக்கிக் கடைகள் உண்டு. ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் இச்சாபூர். அங்குள்ள ரைபிள் தொழிற்சாலையில் செய்யும் பாயின்ட் 315 வேட்டை ரைபிள் நாடு முழுவதும் போகிறது. இச்சாபூரும் நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் 2021 முதல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டில் துப்பாக்கி விற்கவும் உரிமம், வாங்கவும் உரிமம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி உரிமம் பெற இயலாது. விளையாட்டுப் பயிற்சிக்கு மட்டும் விதிகளுக்கு உட்பட்டு விலக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டு விதிகள், உரிமம் கேட்பவர் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. வடநாட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்தின்போது வானத்தை நோக்கிச் சுடும் 'ஹர்ஷ் ஃபயரிங்' வழக்கம் எத்தனை வீட்டு மங்களத்தை அமங்களமாக்கியிருக்கிறது! 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குற்றமாக்கி, இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது.

சிப்பந்தியின் பொறுப்பு துப்பாக்கியைப் பிடிப்பதோடு முடிவதில்லை. எண்ணுவதிலும் எழுதுவதிலும் இருக்கிறது. இதற்கு நம் ஊரிலேயே ஒரு சரித்திரக் கதை உண்டு. 1914 ஆகஸ்ட் 26 அன்று ராடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபார நிறுவனத்துக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்க அலுவலகத்திலிருந்து விடுவித்த குமாஸ்தா, வான்சிட்டார்ட் ரோவில் இருந்த கிடங்குக்கு 192 பெட்டிகளை மட்டுமே கொண்டுவந்து சேர்த்தார். "மீதியைக் கொண்டுவருகிறேன்" என்று போனவர் திரும்பவே இல்லை. 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் வங்கப் புரட்சியாளர்கள் கைக்குப் போயின. நாட்டு விடுதலை வரலாற்றில் அது வீரக் கதை. கடைக்காரரின் கோணத்தில் பார்த்தாலோ, பத்துப் பெட்டி குறைந்ததைப் போலீஸுக்குச் சொல்லவே மூன்று நாள் ஆயிற்று! ஆனாலும் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் அந்த நிறுவனம் குறித்து வைத்திருந்தது. பின்னாளில் பிடிபட்ட துப்பாக்கிகள் எங்கிருந்து போனவை என்று போலீஸார் கண்டுபிடித்தது அந்த எண்களைக் கொண்டுதான். மாலையில் கடை அடைக்கும் முன் அலமாரியில் உள்ளவற்றை எண்ணி, பேரேட்டோடு ஒத்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

வாங்கப் போகும்போது

பிள்ளையோடு கடைக்குப் போகும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை:

1. சிப்பந்தி துப்பாக்கியைக் கொடுக்கும் முன் திறந்து பார்க்கிறாரா? இல்லையென்றால் கையை நீட்டாதீர்கள். "திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

2. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் குழல் யார் பக்கம் திரும்புகிறது? உங்கள் பக்கம் திரும்பினால் சங்கோஜப்படாமல் சொல்லுங்கள். நல்ல சிப்பந்தி கோபித்துக்கொள்ள மாட்டார்.

3. மேசைமேல் தோட்டா கிடக்கிறதா? அலமாரி பூட்டியிருக்கிறதா? சாவி அதிலேயே தொங்குகிறதா?

4. பிள்ளையின் உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்ற துப்பாக்கியைக் காட்டுகிறாரா, விலை கூடியதைத் தலையில் கட்டுகிறாரா?

5. பூட்டு, உறை, பாதுகாப்புக் கயிறு பற்றி நீங்கள் கேட்காமலே சொல்கிறாரா?

6. குறி பார்த்துக் காட்டும் சாக்கில் பிள்ளை யாரையும் நோக்கி நீட்டினால் உடனே தடுக்கிறாரா? அவர் தடுக்காவிட்டால் நீங்கள் தடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் துப்பாக்கி ஓரிடம், குண்டு வேறிடம், இரண்டுக்கும் பூட்டு, சாவி பெரியவர்களிடம். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டும் பொருளல்ல அது.

இன்னொரு வார்த்தை. படிப்பு முடித்த நம் இளைஞர்கள் வெளியூர்களில் எந்தெந்தக் கடைகளிலோ வேலைக்குச் சேர்கிறார்கள். விளையாட்டுச் சாமான் கடையிலோ ஆயுத வணிகரிடமோ உங்கள் பையனுக்கு வேலை கிடைத்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, "துப்பாக்கியைத் தொடும் முன் பயிற்சி கொடுத்தார்களா?" என்றும் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், கொடுக்கும்வரை தொட மாட்டேன் என்று முதலாளியிடம் மரியாதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் வேலை போகலாம் என்று பயப்பட வேண்டாம். விபத்து நடந்துவிட்டால் போலீஸும் நீதிமன்றமும் முதலில் தேடி வருவது விசையில் விரல் வைத்தவனைத்தான்.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். காலித் துப்பாக்கி உண்டு. ஆனால் அது காலி என்று சொல்லும் தகுதி, இப்போது, இந்தக் கணத்தில், தன் கண்ணாலும் விரலாலும் பார்த்தவருக்கு மட்டுமே உண்டு. அவர் கையைவிட்டு அடுத்தவர் கைக்கு மாறிய நொடியில் அந்தத் தகுதியும் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. அவரும் பார்க்கட்டும்.